பின்வளைவு

மெல்ரூக் குதிரை ரேக்ளா கிளப்புக்கு நூறு வயது நிறையப்போகிறது என்றதும், அதன் வரலாற்றை எழுதுகிற வேலை யாரும் கேட்காமலே கிளெனிஸ் நோஸ்கியின் தலையில் வந்து விழுந்தது. பத்தொன்பது வருடமாக அவள்தான் கிளப்பின் செயலாளர். அவளுடைய அப்பா கிளாரி நோஸ்கி இருபத்திரண்டு வருடம் தலைவராக இருந்தவர். மைதானத்தில் தகரக் கூரை போட்ட ஒரே பார்வையாளர் மேடைக்கு அவர் பெயர்தான். கிளப் வரலாற்றை வேறு யாரிடம் கொடுப்பார்கள்?

"சின்னதா போதும்மா. ஒரு அறுபது பக்கம். நெறைய போட்டோ போடு. நம்ம ஆளுங்க படிக்க மாட்டாங்க, தங்களோட தாத்தா எங்க நிக்கிறாருன்னு மட்டும் தேடுவாங்க" என்றார் இப்போதைய தலைவர் ட்ரெவர் கூனி. நாலாயிரம் ஏக்கரில் கோதுமை போடுகிறவர். எதையும் அறுவடைக்கு முன்னால் முடித்துவிட வேண்டும் அவருக்கு.

கிளெனிஸ் சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள். 1903இல் கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ரொட்டிக்காரரின் குதிரையும் பாதிரியாரின் குதிரையும் காய்ந்த ஏரிப் படுகையில் போட்டி போட்டன. முதல் உலகப் போருக்குப் பையன்கள் போனதும் பந்தயம் ஐந்து வருடம் நின்றது. நாற்பத்து நான்கில் வறட்சி வந்து, ஓடுபாதையின் மண்ணே காற்றில் பறந்து ரயில் நிலையத்தில் போய்க் குவிந்தது. எல்லாம் சுலபமாகவே வந்தது. 1964 என்று தலைப்பு எழுதியதும் பேனா நின்றுவிட்டது.

அந்த வருடம் பிப்ரவரி 22, சனிக்கிழமை, நல்ல கோடை. மெல்ரூக் கோப்பை நாள். கிளெனிஸுக்கு அப்போது பதினான்கு வயது. மாதர் சங்கக் கூடாரத்தில் சாண்ட்விச் விற்றுக்கொண்டிருந்தாள். மூன்றாவது பந்தயத்தில் ஒன்பது குதிரைகள். இரண்டாவது சுற்றில், ஓடுபாதையின் எதிர்க்கோடியில் இருக்கும் பின்வளைவில், மெர்வ் ட்ரஸ்காட்டின் பெண்குதிரை திடீரென்று உள்பக்கம் சாய்ந்தது. அவருடைய வண்டிச் சக்கரம் டெஸ் ஹாலினனின் சக்கரத்தில் மாட்டியது. டெஸ்ஸின் குதிரை விழுந்தது. டெஸ் தூக்கி எறியப்பட்டார். பின்னால் வந்த வண்டி நிறுத்த முடியாமல் அவர்மேல் ஏறிவிட்டது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் உயிர் போய்விட்டது. அவருக்கு இருபத்தொன்பது வயது. மனைவி ஊனா, ஆறு மாதக் கைக்குழந்தையோடு வேலியோரம் காரில் உட்கார்ந்திருந்தார்.

மெர்வ் தரை உள்வாங்கியது என்றார். நகரத்திலிருந்து வந்திருந்த நடுவர்கள் மூன்று பேரும் அரைமணி கழித்து அவரையே கூட்டிக்கொண்டு பின்வளைவுக்கு நடந்தார்கள். தரை பலகை மாதிரி சமமாக இருந்தது. கவனமில்லாமல் ஓட்டி ஒருவன் சாவுக்குக் காரணமானார் என்று ஐந்து வருடம் தடை விதித்தார்கள். அதன்பிறகு அவர் கடிவாளத்தைத் தொடவில்லை. தானியக் கிடங்கில் வேலை பார்த்தார். கால்வாயோரம் ஒரு பலகை வீட்டில் தனியாக இருந்தார். மதுக்கடையில் அவர் பக்கத்து நாற்காலி எப்போதும் காலியாகவே கிடக்கும். பிறகு அவர் அங்கே போவதையும் விட்டுவிட்டார். டெஸ்ஸைக் கொன்றவர் என்று ஊரில் பிறந்த குழந்தைகளுக்கும் தெரியும்.

இதையெல்லாம் ஒரு பத்தியில் எழுதி முடித்துவிடலாம். கிளெனிஸின் கையைத் தடுத்தது வேறொன்று. இரண்டு வாரத்துக்கு முன், ஓடுபாதையைப் பராமரித்த ஹெர்மன் போல்னரின் மகள் ஒரு ஆப்பிள் பெட்டி நிறையப் பழைய சாமான்களைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். புகைப்படம் ஏதாவது கிடைக்கும் என்றுதான் கொடுத்தாள். படங்களுக்கு அடியில் ஹெர்மனின் வேலைக் குறிப்புப் புத்தகங்கள் இருந்தன. பென்சில் எழுத்து. தினமும் இரண்டு மூன்று வரி. மழை எவ்வளவு, எந்த இடத்தில் மண் போட்டது, டிராக்டருக்கு எண்ணெய் மாற்றியது.

"வெள்ளி 21. புயல் தண்ணீர் பின்வளைவில் தரைக்கடி வடிகால் குழாயைச் சுற்றி மண்ணை அரித்துவிட்டது. மண்வெட்டித் தலை முழுக்க உள்ளே போகிறது. கி.நோ.விடம் காட்டினேன். மேலே மணல் போட்டு மூடு, பந்தயத்தை நிறுத்த முடியாது என்றார்."

"சனி 22. மூன்றாவது பந்தயத்தில் அதே இடம் உள்வாங்கியது. டெஸ் ஹாலினன் செத்தான். நடுவர்கள் வருவதற்குள் ரோலர் போடச் சொன்னார் கி.நோ. போட்டேன். என்னைக் கடவுள் மன்னிக்கட்டும்."

கி.நோ. என்றால் யார் என்று அவள் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் இருந்தது. அது எந்தப் புத்தகத்திலும் இல்லை. அன்று எல்லோரும் டெஸ்ஸைச் சுற்றி ஓடியபோது, கூடாரத்து வாசலில் நின்ற கிளெனிஸ் டிராக்டரைப் பார்த்தாள். முதலில் ஒரு வண்டி மணலைக் கொட்டியது. பிறகு ரோலரை இழுத்துக்கொண்டு முன்னும் பின்னும் போனது. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட்டாள்.

"ரத்தம் கெடந்துச்சும்மா. பொம்பளைங்க, புள்ளைங்க பார்க்க வேண்டாம்னு மூடினோம்" என்றார் கிளாரி. கொஞ்ச நேரம் கழித்து, "அதை வெளியில சொல்லிட்டு இருக்காதே. ஊனா காதுல விழுந்தா தாங்க மாட்டா" என்றார்.

ரத்தத்தை மூட ஒரு வண்டி மணல் எதற்கு என்று பதினான்கு வயதில் அவளுக்குக் கேட்கத் தோன்றவில்லை. முப்பதில் தோன்றியது. அப்போது அப்பா உயிரோடுதான் இருந்தார். அவள் கேட்கவில்லை.

ட்ரெவரிடம் குறிப்புப் புத்தகத்தைக் காட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டுப் படித்தார், கழற்றினார், மறுபடி போட்டார்.

"இது உங்க அப்பா, கிளெனிஸ்."

"தெரியும்."

"செத்து பதினேழு வருஷம் ஆச்சு. ஹெர்மன் செத்தாச்சு. அந்த நடுவருங்க எல்லாம் செத்திருப்பாங்க. விழா எடுக்கற நேரத்துல பொணத்தைத் தோண்டணுமா? யாருக்கு என்ன கெடைக்கப்போகுது இதுல?"

"மெர்வ் சாகல ட்ரெவர். தினமும் காலையில ரொட்டி வாங்கக் கடைக்கு வர்றாரு. நீங்களும் பார்க்கறீங்க."

"பார்க்கறேன்" என்றார் ட்ரெவர். "பார்த்துட்டுத் தலையைத் திருப்பிக்கறேன். எங்க அப்பா அப்படித்தான் செஞ்சாரு." குழுக் கூட்டத்தில் வைக்கலாம் என்றார்.

மறுநாள் காலை கிளெனிஸ் கால்வாயோரம் போனாள். மெர்வ் தக்காளிச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். அறுபத்தாறு வயது, இன்னும் சவுக்குக் குச்சி மாதிரி நேராக இருந்தார். வாசலில் ஒரு நோஸ்கி வந்து நிற்பதைப் பார்த்து அவர் குழாயை மூடவில்லை.

"கிளப்புக்கு நன்கொடையா? தக்காளிதான் இருக்கு."

"உங்ககிட்ட ஒண்ணு காட்டணும் மெர்வ். உக்காந்து படிங்க."

அவர் படியில் உட்கார்ந்து படித்தார். இரண்டு நாள் குறிப்பை அவ்வளவு நேரம் ஒருவர் படித்து அவள் பார்த்ததில்லை. தண்ணீர் பாத்தி நிறைந்து பாதையில் ஓடியது. கிளெனிஸ் போய்க் குழாயை மூடிவிட்டு வந்தாள்.

"மறுபடி சொல்லு, எவ்வளவு ஆழம்னு போட்டிருக்கான்?"

"மண்வெட்டித் தலை முழுக்க."

"ம்." அவர் தன் இடது கையைத் திருப்பிப் பார்த்தார். "அன்னிக்கு அந்த மூணு பேரும் என்னைக் கூட்டிட்டுப் போனாங்க. 'எங்கப்பா பள்ளம், காட்டு'ன்னாங்க. நான் குனிஞ்சு தடவிப் பார்த்தேன். ஒண்ணும் இல்ல. அப்பவே எனக்கு சந்தேகம் வந்துடுச்சு. நான்தான் இழுத்துட்டேனோன்னு. இந்தக் கை எனக்குத் தெரியாம உள்பக்கம் இழுத்துடுச்சோன்னு. முப்பத்தொம்பது வருஷமா இந்தக் கையை நான் நம்பல, கிளெனிஸ். கார் வாங்கல. கல்யாணம் பண்ணிக்கலாம்னு ஒருத்தி கேட்டா. ஒரு குழந்தை பொறந்து அதை இந்தக் கையில தூக்கணுமேன்னு வேண்டாம்னுட்டேன்."

கிளெனிஸ் வாயைத் திறந்தாள். அப்பாவுக்காக மன்னிப்புக் கேட்பதா, தனக்காகக் கேட்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை. "நான் டிராக்டரைப் பார்த்தேன்" என்றாள். "ரோலர் போட்டதை. பதினாலு வயசு. யார்கிட்டயும் சொல்லல. அப்புறம் வயசு வந்து புரிஞ்சப்பவும் சொல்லல."

மெர்வ் அவளை நிமிர்ந்து பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

"ஏன் ஊரை விட்டுப் போகலன்னு நெறைய பேர் கேட்டிருக்காங்க" என்றார். "போனா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். அதான். பிடிவாதம்தான், வேற ஒண்ணும் இல்ல." எழுந்தார். "புத்தகத்துல போடு. ஆனா ஊனாகிட்ட முதல்ல சொல்லு. அந்தம்மா அச்சுல படிச்சுத் தெரிஞ்சுக்கக் கூடாது."

ஊனா ஹாலினன் மறுமணம் செய்துகொள்ளவில்லை. மகனை வளர்த்து, தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றிருந்தார். கண்ணில் புரை விழுந்து அறுவைக்குக் காத்திருந்ததால், கிளெனிஸே படித்துக் காட்டினாள். ஊனா கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். முடிந்ததும் இன்னொரு முறை படிக்கச் சொன்னார்.

"உங்க அப்பா டெஸ்ஸோட சவப்பெட்டியைத் தூக்கினாரு" என்றார். "முன்னால, இடது பக்கம். அப்புறம் ஒவ்வொரு மே மாசமும் குளிர்காலத்துக்குன்னு ஒரு லோடு விறகு கொண்டு வந்து போடுவாரு. இருபது வருஷம். வேண்டாம்னு சொன்னாலும் கேட்க மாட்டாரு. நான் அவருக்குக் கேக் செஞ்சு குடுப்பேன் கிளெனிஸ். கேக்!"

"ஊனா, நான்..."

"நீ கிளம்பு."

கிளெனிஸ் கிளம்பினாள். கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது. அவள் காரில் ஏறி உட்கார்ந்தாள். அப்பா விறகு வெட்டிய சனிக்கிழமைகள் அவளுக்கு ஞாபகம் வந்தன. யாரையும் உதவிக்கு விடமாட்டார். உள்ளங்கை கொப்பளித்துப் போகும்வரை தனியாக வெட்டுவார். ஊருக்கே நல்லவர் என்று அவள் பெருமைப்பட்ட மனிதர். அவர் நல்லவர் இல்லை என்றும் இப்போது சொல்ல முடியவில்லை. அதுதான் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

ஆறாம் நாள் ஊனாவிடமிருந்து தொலைபேசி வந்தது. "என்னை மெர்வ் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ. எனக்கு ஓட்ட முடியாது." அவ்வளவுதான்.

மெர்வ் வாசலுக்கு வந்து நின்றார். உள்ளே வரச் சொல்லவும் அவருக்குத் தெரியவில்லை. அவர் வீட்டுக்கு யாரும் வந்து பழக்கமில்லை. பிறகு ஒரு நாற்காலியைத் தூக்கி வந்து தாழ்வாரத்தில் போட்டார். ஊனா உட்கார்ந்தார். கிளெனிஸ் காருக்குத் திரும்பப் போனபோது, "நில்லு" என்றார் ஊனா. "நீயும் இரு."

கால்வாயில் வாத்துகள் சத்தம் போட்டன.

"மெர்வ்" என்றார் ஊனா. "நான் உங்களை மன்னிக்க வரல. மன்னிக்க ஒண்ணும் இல்லன்னு ஆயிடுச்சு. நான் உங்க முகத்துல துப்பினேன், சாவு விசாரணை அன்னிக்கு, நீதிமன்றத்து வாசல்ல. அது இன்னும் இருக்கு. அதை என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியல."

"தொடைச்சுட்டேன்மா. அன்னிக்கே."

ஊனாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா அழுகையா என்று கிளெனிஸால் சொல்ல முடியவில்லை.

"ஒண்ணு கேக்கணும். அதுக்குத்தான் வந்தேன். நீங்கதான் மொதல்ல அவர்கிட்ட ஓடினீங்கன்னு சொன்னாங்க. அவருக்கு நினைவு இருந்துச்சா? ஏதாவது பேசினாரா? டாக்டர் உடனே போயிடுச்சுன்னாரு. ஆறுதலுக்குச் சொன்னாருன்னு நெனைச்சேன். உங்ககிட்ட மட்டும்தான் கேட்க முடியும். உங்ககிட்ட மட்டும் கேட்கக் கூடாதுன்னு இருந்துட்டேன்."

மெர்வ் தூணைப் பிடித்துக்கொண்டார்.

"பேசினாரு" என்றார். "கொஞ்சம்தான். மூச்சு இல்ல. குதிரை எழுந்துடுச்சான்னு கேட்டாரு. எழுந்துடுச்சுன்னு சொன்னேன். எழுந்திருக்கல. அது ஒண்ணுதான் நான் சொன்ன பொய். அப்புறம் சொன்னாரு, 'ஊனாவைக் காரை நிழல்ல போடச் சொல்லு. பய சூட்டுல கெடக்கறான்.' அவ்வளவுதான். வலிக்குதுன்னுகூடச் சொல்லல. உங்ககிட்ட சொல்லணும்னு நான் வந்தேன், அடுத்த வாரமே. உங்க அண்ணன் கதவைத் திறக்கல. கடிதம் எழுதினேன். திரும்பி வந்துடுச்சு."

ஊனா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் மட்டும் அசைந்தன. மெர்வ் தயங்கி, ஒரு அடி வைத்து, மறுபடி தயங்கி, பிறகு அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். தொடவில்லை. ஊனா அழுது முடிக்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்.

திரும்பி வரும்போது ரயில் கேட்டருகே ஊனா பேசினார். "பள்ளத்தைப் போடு. ரோலரைப் போடு. உங்க அப்பா பேரைப் போடு, கி.நோ.ன்னு ஒளிச்சு வைக்காதே. டெஸ் பேசினதை மட்டும் போடாதே. அது என்னோடது."

"போட மாட்டேன்" என்றாள் கிளெனிஸ்.

குழுக் கூட்டத்தில் ஏழு பேர். அந்தப் பக்கம் இல்லாமல் புத்தகம் இல்லை, வேண்டுமானால் செயலாளரையும் வேறு பாருங்கள் என்று கிளெனிஸ் சொன்னாள். மூன்று பேர் வேண்டாம் என்று கைதூக்கினார்கள். மூன்று பேர் வேண்டும் என்றார்கள். எல்லோரும் ட்ரெவரைப் பார்த்தார்கள். அவர் மேசையைப் பார்த்தபடி, "எங்க அப்பா அறுபத்து நாலுல குழுவுல இருந்தாரு" என்றார். "பந்தயத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளாரி வீட்டுக்குப் போய்ட்டு வந்தவர் சோறு சாப்பிடல. அவருக்கும் தெரியும்னு நெனைக்கறேன். போடு, கிளெனிஸ். போட்டுத் தொலை."

அவள் அந்தப் பக்கத்தை ஒன்பது முறை எழுதினாள். முதல் எட்டிலும் அப்பாவுக்காக ஏதோ ஒரு வார்த்தை உள்ளே நுழைந்திருந்தது. இரண்டு வருட வறட்சிக்குப் பிறகு வந்த முதல் கோப்பை நாள், கிளப் மூடப்படும் நிலையில் இருந்தது, ஊரே எதிர்பார்த்தது என்று. எல்லாம் உண்மைதான். ஒன்பதாவதில் அதையெல்லாம் அடித்துவிட்டு, நடந்ததை மட்டும் எழுதினாள். கடைசி வரியில், ரோலர் போட்டதைத் தான் பார்த்ததையும் சொல்லாமல் இருந்ததையும் சேர்த்தாள். அதை எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

புத்தகம் மார்ச் மாதம் வந்தது. தாத்தாவைத் தேடாமல் மெல்ரூக்காரர்கள் முதல்முறையாக ஒரு பக்கத்தைப் படித்தார்கள். அடிலெய்டிலிருந்து அவள் தம்பி கூப்பிட்டு, "அப்பாவை ரெண்டாவது தடவ பொதைச்சுட்டே" என்று சொல்லிவிட்டு வைத்தான், பிறகு கூப்பிடவில்லை. மேடையில் இருந்த பெயர்ப்பலகையை எடுக்கலாமா என்று குழு விவாதித்துக்கொண்டிருக்கும்போதே கிளெனிஸ் ஏணி போட்டு ஏறி, நான்கு திருகாணிகளையும் கழற்றி, பலகையைத் தன் வண்டியில் வைத்து எடுத்துப் போனாள். வீட்டுக் கொட்டகையில் முகம் சுவரைப் பார்க்க வைத்தாள். பிறகு மனம் கேட்காமல் திருப்பி வைத்தாள்.

நூற்றாண்டுப் பந்தயத்துக்கு மெர்வ் வரவில்லை. ஊனா வந்தார், மகனோடும் பேரப்பிள்ளைகளோடும் உட்கார்ந்து, கோப்பையை வென்றவருக்குக் கைகொடுத்துவிட்டுச் சீக்கிரம் போய்விட்டார்.

தீர்ப்பை மாற்றச் சொல்லி கிளெனிஸ் நகரத்துப் பந்தய வாரியத்துக்கு எழுதிய கடிதத்துக்கு ஏழு மாதம் கழித்துப் பதில் வந்தது. ட்ரஸ்காட் மீதான தடை ஏட்டிலிருந்து நீக்கப்பட்டது என்று நான்கு வரி. மெர்வ் கிளப் அலுவலகத்துக்கு வந்து நின்றபடியே அதைப் படித்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"சரி" என்றார். பிறகு, "அடுத்த ரேஸ் எப்ப?"

"இருபத்தி மூணாம் தேதி. ஞாயித்துக்கிழமை."

"ஆள் பத்தலன்னு போர்டு போட்டிருக்கீங்களே. முன்கேட்டுல நான் டிக்கெட் கிழிக்கறேன்."

கிளெனிஸ் அவரைப் பார்த்தாள். முன்கேட்டு என்றால் உள்ளே வருகிற ஒவ்வொருவரும் அவர் கையில் சீட்டைக் கொடுத்து, அவர் முகத்தைப் பார்த்துத்தான் தாண்ட வேண்டும். அது அவருக்கும் தெரிந்தே இருந்தது.

"ஒம்போது மணிக்கு வந்துடுங்க" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மெர்வ் முன்கேட்டில் நின்றார். முதல் இரண்டு பந்தய நாள்களில் ஊரின் வயதான ஆண்கள் சிலர், குதிரைகளை இறக்குகிற பின்வழியாகச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தார்கள். மூன்றாவது பந்தய நாளில் மழை பிடித்துக்கொண்டது; பின்வழி முழங்கால் சேறு. எல்லோரும் முன்கேட்டு வழியாகத்தான் வந்தார்கள்.